பிள்ளை கார் பழகும்போது: இன்சூரன்ஸில் எது சிக்கனம், எது ஆபத்து?

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு பல வீடுகளில் கிளம்பும் பேச்சு இது: "வாப்பா, நான் கார் பழகணும்." பதினெட்டு வயது நிரம்பிய மறுவாரமே எல்.எல்.ஆர். போட்டாகிவிடும். இப்போதெல்லாம் பெண் பிள்ளைகளும் ஆர்வமாகப் பழகுகிறார்கள், நல்லதுதான். அதன்பிறகுதான் பெற்றோர் நம்மிடம் கேட்கிறார்கள்: இளம் பிள்ளை ஓட்டினால் இன்சூரன்ஸ் கூடுமா? அவன் பெயரில் தனியாக எடுக்க வேண்டுமா? குறைந்த விலையில் எங்கே கிடைக்கும்?

இங்கிலாந்தில் இருக்கும் உறவினரிடம் கேட்டவர்கள்தாம் அதிகம் பயப்படுகிறார்கள். அங்கே ஓட்டுபவரின் வயதைப் பார்த்துத்தான் கட்டணம் போடுகிறார்கள்; இளைஞர் என்றால் காரின் விலையை எட்டிப் பிடிக்கும் அளவுக்குக்கூட இன்சூரன்ஸ் வந்துவிடும். நம் நாட்டு நடைமுறை வேறு. இங்கே இன்சூரன்ஸ் வண்டிக்கு எடுக்கப்படுகிறது. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் தேர்டு பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 சி.சி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1000 முதல் 1500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. ஜி.எஸ்.டி. தனி. ஓட்டுவது ஐம்பது வயது வாப்பாவா, பதினெட்டு வயது மகனா என்பதால் இந்தத் தொகை ஒரு ரூபாய்கூட மாறாது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதே கட்டணம்தான். ஆகவே தேர்டு பார்ட்டியை "மலிவாக வாங்கித் தருகிறேன்" என்று எந்த ஏஜென்டாவது சொன்னால், அந்தப் பாலிசி உண்மையானதுதானா என்பதைப் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைக்குத் தனிப் பாலிசியும் தேவையில்லை. உங்கள் பாலிசித் தாளை எடுத்து "டிரைவர்" என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம், எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 3-ஐப் பின்பற்றினால் ஓட்டலாம் என்று அதில் இருக்கும். எல்லாமே அந்த விதியில்தான் அடங்கியிருக்கிறது. எல்.எல்.ஆர். நடப்பில் இருக்க வேண்டும். அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து வேண்டும். பலகை 18 செ.மீ. சதுரத்துக்கும், எழுத்து 10 செ.மீ. உயரத்துக்கும் குறையக் கூடாது. கண்ணாடி மூலையில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் போதாது.

பல வீடுகளில் தவறுவது இரண்டாவது நிபந்தனையில்தான். வாப்பா வளைகுடாவில் இருப்பார். மகன் காரை எடுக்க, உம்மா பக்கத்தில் அமர்ந்து திக்ரு ஓதியபடி வருவார். பாசத்திலும் பொறுப்பிலும் குறையில்லை. ஆனால் உம்மாவிடம் லைசென்ஸ் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை தனியாக ஓட்டியதாகத்தான் கணக்கு. லைசென்ஸ் உள்ள மாமாவோ, சாச்சாவோ, ஓட்டுநரோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

நிபந்தனை தவறினால் என்ன ஆகும்? 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் உரிமம் பெற்றவரே. அதைக் காட்டி மட்டும் இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் லைசென்ஸ் நிபந்தனையை வண்டி உரிமையாளர் தெரிந்தே மீறவிட்டிருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் கொடுத்த தொகையை அந்த உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்கலாம். வீட்டில் சாவி கொடுத்து அனுப்பிய தகப்பனார் "எனக்குத் தெரியாது" என்று சொல்லவா முடியும்?

அந்தத் தொகை எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அல்லாஹ் பாதுகாக்கட்டும், விபத்தில் இறந்தவருக்கு வயது 28. சொந்தத் தொழிலில் மாதம் ரூ.15,000 சம்பாதித்தவர், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. தீர்ப்பாயம் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்கும்: ரூ.21,000. அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கு கழிக்கும்: ரூ.14,000. ஆண்டுக்கு ரூ.1,68,000. 26 முதல் 30 வயது வரையுள்ளவருக்குப் பெருக்க வேண்டிய எண் 17. ஆக ரூ.28,56,000. ஈமச் சடங்குச் செலவு, குடும்பத்தாரின் இழப்பு, வட்டி எல்லாம் இதற்கு மேல். ரூ.3,416 கட்டிய பாலிசி, நிபந்தனை சரியாக இருந்தால், இத்தனையையும் சுமக்கிறது. சரியாக இல்லையென்றால் வீட்டை விற்றாலும் அடைபடாத கடன். நம் அறக்கட்டளையால் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் முடிந்ததைச் செய்ய முடிகிறது. இப்படிப்பட்ட ஒரு கடனை எந்தப் பைத்துல்மாலாலும் தாங்க முடியாது.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குக் காரைக் கொடுப்பது இதைவிட மோசம். 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதாகும் வரை எல்.எல்.ஆர். கிடைக்காது. "16 வயதில் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டலாமே" என்று சிலர் சொல்கிறார்கள். அந்த அனுமதி 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. இன்று நம் தெருக்களில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. டியூஷனுக்கும் மதரஸாவுக்கும் பிள்ளைகள் ஓட்டிப் போகும் வண்டிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெருநாள் இரவிலும் நிக்காஹ் வீட்டுக் கார் வரிசையிலும் சாவி யார் கைக்குப் போகிறது என்பதையும்தான்.

தேர்டு பார்ட்டி மட்டும் எடுக்கலாமா, ஃபுல் இன்சூரன்ஸ் எடுக்கலாமா? இன்சூரன்ஸ் பற்றி மார்க்க ரீதியாகத் தயக்கம் உள்ளவர்கள், சட்டம் கட்டாயப்படுத்தும் தேர்டு பார்ட்டியோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கிறோம். கட்டாயமான அளவுக்கு எடுப்பதை ஆலிம்கள் பலரும் தடுப்பதில்லை; அதற்கு மேல் உள்ளதை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் சொல்ல வேண்டியது நடைமுறை விஷயம். தேர்டு பார்ட்டி பாலிசி வெளி ஆளுக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் பொறுப்பேற்கிறது. சொந்தக் காருக்குள் இருக்கும் உம்மாவுக்கும் தங்கைக்கும் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. ஃபுல் இன்சூரன்ஸில் அந்தப் பொறுப்பும் காரின் சேதமும் அடங்கும். பழகுகிற பிள்ளை ஓட்டும் ஆண்டில் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பாலிசியோடு சேரும் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டும்தான். கார் வாப்பா பெயரில் இருந்து மகன் ஓட்டினால், மகனுக்கு அதில் ஒன்றும் வராது. சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டினால் காரில் செல்பவர்களுக்கும் விபத்துக் காப்பீடு சேர்க்கலாம், கேட்டு வாங்குங்கள். அதே நேரம், வாப்பாவிடம் காரும் ஸ்கூட்டரும் இருந்தால் இரண்டு பாலிசியிலும் இந்த ரூ.15 லட்சம் காப்பீட்டுக்குத் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒன்று போதும். இதை ஏஜென்டுகள் தாமாகச் சொல்வது அரிது.

ஃபுல் இன்சூரன்ஸில் சொந்தச் சேதப் பகுதிக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும். ஆகவே மூன்று நான்கு இடங்களில் விசாரிப்பது வீண் போகாது. ஆனால் விலையைக் குறைத்துக் காட்டுவதற்காகக் காரின் மதிப்பையே குறைத்துப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்; கார் முழுவதும் சேதமானால் அந்த மதிப்புதான் கைக்கு வரும். க்ளைம் இல்லாத ஆண்டுகளுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை என்.சி.பி. சலுகை உண்டு. பழகும் பிள்ளை சுவரில் உரசி ரூ.4,000 செலவு வந்தது என்று வையுங்கள். கட்டாயக் கழிவு ரூ.1,000 போக, க்ளைமில் கிடைப்பது ரூ.3,000-க்குள். சொந்தச் சேதப் பிரீமியம் ரூ.10,000 ஆக இருந்து 50 சதவீதச் சலுகையை அனுபவித்து வந்தவர், அதற்காக அடுத்த ஆண்டு ரூ.5,000 இழக்கிறார். சின்ன உரசலைக் கைக்காசில் சரிசெய்வதே லாபம்.

முதல் சில வாரங்கள் டிரைவிங் ஸ்கூல் காரில் பழகுவது நம் கருத்தில் சிறந்த சிக்கனம். பயிற்சியாளர் காலடியிலும் பிரேக் இருக்கும். உரசினாலும் உங்கள் என்.சி.பி. போகாது. "பழகத்தானே" என்று பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்.சி.யை மாற்றினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாவிட்டால் உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் கிடைக்காது.

எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்ததுமே லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். கல்லூரி விடுதிக்குப் போன பிள்ளை இடையில் ஊருக்கு வந்து காரை எடுக்கும்போது எல்.எல்.ஆர். காலாவதியாகி இருப்பது சகஜமாக நடக்கிறது. சாவியைக் கொடுக்கும் முன் அதன் தேதியையும், பாலிசி முடியும் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிவம் நிரப்பவோ, பாலிசியைப் படித்து விளங்கிக்கொள்ளவோ உதவி தேவைப்படுவோர் தாள்களோடு நம் அலுவலகத்துக்கு வரலாம்.