இரண்டாம் முறை கொட்டிய குளவி

குளவி கொட்டினால் வீங்கும், எரியும், ஓரிரு நாளில் வடியும் என்பதே சிறுவயது முதல் நாம் அறிந்த பாடம். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டு எமது அலுவலைப் பார்க்கப் போய்விடுவோம். மிகப் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பாடம் சரியானதே. ஆனால் சிலருக்கு அது பிழைத்துப் போகிறது. பிழைத்தால், அதைத் திருத்திப் படிப்பதற்கு அவர்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரமே. அந்தச் சிலருள் நானும் ஒருவன் என்பதைச் சென்ற வருடத் திருவிழாவின் போது அறிந்துகொண்டேன். வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோதே இதைப் பற்றி வாசகர்களுக்கு எழுதவேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முந்திய மாலை. மணிக்கோபுரத்து யன்னலைத் துடைப்பதற்காகச் சங்கிலித்தாம் ஏணியைப் பிடிக்க நானே ஏறினேன். (இது உங்களுக்குத் தேவையா சுவாமி என்று அவர் கேட்டதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது.) யன்னல் மறைவில் குளவிக்கூடு இருந்தது. கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று, ஆக இரண்டே கொட்டு. மூன்று வருடங்களுக்கு முன்னர் வேறொரு பங்கில் இதைவிடக் கூடுதலாகக் கொட்டு வாங்கி, கை வீங்கியதோடு தப்பியவன் நான். ஆகவே "ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

முகம் கழுவி முடிவதற்குள் உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் கடிக்கத் தொடங்கின. காது மடல்கள் சுட்டன. உதடு தடித்தது, வயிற்றைப் பிசைந்தது. ஆளைக் கூப்பிட்டபோது என் குரல் எனக்கே வேற்றுக் குரலாகக் கேட்டது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஏதோ பெரிதாக நடக்கப் போகிறது என்ற காரணமில்லாத ஓர் அச்சம். அதை என் கோழைத்தனம் என்று நினைத்து வெட்கப்பட்டேன். அந்த அச்சமும் இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்றாக மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருப்பதைப் பின்னர்தான் படித்தேன்.

கூடிநின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் தேசிக்காய் தேடினார். இன்னொருவர் பிரிட்டோன் குளிசை இருக்கிறதா என்று கேட்டார். வேறொருவர் முச்சக்கர வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, "மெல்ல நடந்து வாங்கோ சுவாமி" என்றார். நானும் எழும்பினேன். கண் இருண்டது. பூச்சோடனைக்கு வந்திருந்தவர்களுள் தாதியாகப் பணிபுரியும் ஒரு சகோதரி இருந்தார். அவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எழும்பக் கூடாது சுவாமி, அப்படியே படுங்கோ" என்று அதட்டினார். தரையில் படுக்க வைத்து, கால்களைக் கதிரையில் தூக்கி வைத்து, 1990 க்கு அழைக்கச் சொன்னார். வைத்தியசாலையை அடைந்ததும், படுத்தபடியே கிடந்த என் தொடையில் ஓர் ஊசி ஏற்றினார்கள். சில நிமிடங்களில் மூச்சு இளகியது, குரலும் திரும்பியது.

அந்த ஊசியையும், அந்தப் "படுங்கோ" என்ற சொல்லையும் பற்றியதே இனி நான் சொல்லப்போவது.

நோய்க்குப் பெயர் வந்த கதை

1901 ஆம் ஆண்டு மொனாக்கோ நாட்டின் இளவரசர் முதலாம் அல்பேர்ட் தமது ஆராய்ச்சிக் கப்பலில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்குப் பயணமானார். சார்ல்ஸ் ரிஷே, போல் போர்த்தியே என்னும் இரு பிரெஞ்சு விஞ்ஞானிகளும் உடன் சென்றனர். கடலின் மேல் நீலப் பலூன் போல மிதந்துவரும் ஒரு சொறி இனத்தின் நஞ்சை ஆராயும்படி இளவரசர் அவர்களைத் தூண்டினார். தொட்டால் சவுக்கடி பட்டது போல எரிக்கும் அந்தச் சீவனை எமது கரையோர மக்களும் அறிவார்கள். பிரான்சுக்குத் திரும்பியபின் அது கிடைக்காமையால், கடல் அனிமனி என்னும் வேறொரு கடலுயிரின் நஞ்சைக் கொண்டு நாய்களில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தனர்.

நெப்டியூன் என்பது நல்ல திடகாத்திரமான ஒரு நாய். சிறிதளவு நஞ்சை ஏற்றியபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. 22 நாட்களின் பின், அது பூரண சுகத்தோடு இருக்கையில், அதே அளவை மீண்டும் ஏற்றினர். சில விநாடிகளில் நாய் மூச்சுத் திணறிச் சரிந்தது. 25 நிமிடங்களில் இறந்துவிட்டது. நஞ்சைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் உடல் பழகி வலுப்பெறும் என்றே அக்காலத்தவர் எண்ணியிருந்தனர். இங்கே நடந்ததோ அதற்கு நேர்மாறு. முதல் முறை உடலைக் காக்கவில்லை. இரண்டாம் முறைக்கு ஆயத்தப்படுத்திவிட்டது. காப்புக்கு எதிரானது என்ற பொருளில், கிரேக்கச் சொற்களைக் கொண்டு ரிஷே அதற்கு அனபிலக்சிஸ் என்று 1902 இல் பெயரிட்டார். இந்த ஆராய்ச்சிக்காக 1913 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெப்டியூனின் கதையைப் படித்தபோது எனக்கு முந்திய பங்கின் குளவிகள் நினைவுக்கு வந்தன. அன்று கை வீங்கியதோடு விஷயம் முடிந்துவிட்டதாக நான் எண்ணியிருந்தேன். முடியவில்லை. அந்த நஞ்சை இனங்கண்டு பிடிக்கவல்ல ஒருவகைப் பிறபொருளெதிரியை என் உடல் அமைதியாக உருவாக்கிக்கொண்டிருந்தது. அது தோலிலும், சுவாசக் குழாய்களிலும், குடலிலும் உள்ள சில கலங்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே நஞ்சு வந்தவுடன் அக்கலங்கள் ஒருமிக்க வெடித்தாற்போல, ஹிஸ்டமின் முதலிய பொருட்களை இரத்தத்தில் கொட்டிவிடும். குருதிக் குழாய்கள் தளர்ந்து ஒழுகும். குருதியின் நீர்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு வரை பத்து நிமிடத்துக்குள் வெளியே கசிந்துவிடலாம். தொண்டை வீங்கும், நெஞ்சு இறுகும். சுருங்கச் சொன்னால், ஆளைக் கொல்வது குளவியன்று, அவனுடைய சொந்தக் காவற்படையே.

குளவி மாத்திரம் இதைச் செய்வதில்லை. இறால், நண்டு, கணவாய், கச்சான், பால், முட்டை, பெனிசிலின் வகை மருந்துகள், சில நோவு மாத்திரைகள் என்பனவும் செய்யும். தமது உடல் எப்போது, எதனால் இவ்வாறு ஆயத்தமானது என்று பலருக்குச் சொல்லவே தெரியாது.

மருந்து ஒன்றே

ரிஷே கப்பலேறிய அதே 1901 இல், அமெரிக்காவில் வாழ்ந்த யோக்கிச்சி தக்கமின் என்னும் யப்பானிய இரசாயனவியலாளர், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து அதிரினலினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்ததை வெளியிட்டார். நோயும் மருந்தும் ஒரே வருடத்தில் மனிதனின் கைக்கு வந்தன என்று சொல்லலாம். அதிரினலின் தளர்ந்த குருதிக் குழாய்களை இறுக்கும், இறுகிய சுவாசக் குழாய்களைத் தளர்த்தும், இதயத்தை ஊக்கும், அக்கலங்கள் மேலும் கொட்டுவதையும் தடுக்கும். இவை அத்தனையையும் ஒருங்கே செய்யக்கூடிய வேறு மருந்து இல்லை. வளர்ந்தவருக்கு அரை மில்லிகிராம் போதும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் ஏற்றவேண்டும். கைத்தோலின் கீழ் ஏற்றுவதைவிட அங்கிருந்து விரைவாக இரத்தத்தில் சேருகிறது. ஐந்து நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் மீண்டும் ஏற்றுவார்கள்.

பிரிட்டோன் போன்ற குளிசைகள் கடியையும் தடிப்பையும் குறைக்கும். அடைபடும் தொண்டையை அவை திறக்கமாட்டா, விழும் இரத்த அழுத்தத்தைத் தூக்கவும் மாட்டா. குளிசையைக் கொடுத்துவிட்டு, "பொறுத்துப் பார்ப்போம்" என்று இருப்பதே வீடுகளில் நடக்கும் பெரிய தவறு என்பது என் எண்ணம். பொறுத்துப் பார்க்க நேரமில்லை. இங்கிலாந்தில் இவ்வாறு இறந்தவர்களின் விபரங்களை ஆராய்ந்த பம்ஃப்ரி என்னும் வைத்தியர், 2000 ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார். இதயமோ சுவாசமோ நின்றுபோக எடுத்த நேரம் உணவால் வந்தால் ஏறத்தாழ 30 நிமிடம், பூச்சிக் கொட்டினால் 15 நிமிடம், ஊசி மருந்தால் 5 நிமிடம்.

அதே வைத்தியர் 2003 இல் எழுதியது என்னை மேலும் திடுக்கிட வைத்தது. வைத்தியசாலைக்கு வெளியே இறந்தவர்களுள் சிலர், படுத்திருந்த நிலையிலிருந்து எழும்பிய அல்லது எழுப்பி இருத்தப்பட்ட சில விநாடிகளில் இறந்திருந்தனர். குருதி முழுவதும் கால்களுக்கு இறங்கிவிட, இதயம் வெறுமையாக அடித்து ஓய்ந்துவிடுகிறது. அன்று "மெல்ல நடந்து வாங்கோ" என்று அழைத்தவர் அன்பினால்தான் அழைத்தார். நானும் மரியாதைக்காகவே எழும்பினேன்.

ஆகவே ஆளைப் படுக்கவைத்து, கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறிப் படுக்க முடியாதவரைக் கால்களை நீட்டி இருக்க விடலாம். சத்தி எடுப்பவரையும் நினைவிழந்தவரையும் பக்கவாட்டிலும், கர்ப்பிணித் தாயை இடப்பக்கமாகவும் படுக்கவைக்க வேண்டும். குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், கிடத்தியபடியே கொண்டுபோங்கள். 1990 இலக்கத்து அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. பணம் அறவிடுவதில்லை. அது வரத் தாமதமாகுமென்றால் கிடைக்கும் வாகனத்தில் படுக்கவைத்தே ஏற்றுங்கள்.

எப்படி இனங்காண்பது?

கொட்டிய கை மாத்திரம் வீங்கினால் அஞ்சவேண்டாம். கொட்டியது கையில், தடிப்பது உதடு என்றால் அஞ்சவேண்டும். உடம்பெங்கும் தடிப்பு, குரல் அடைப்பு, இழுப்பு, தலைச்சுற்று, சத்தி என்பவற்றுள் இரண்டு சேர்ந்து வந்தால் அதுதான். பத்தில் ஒருவர் அல்லது இருவருக்குத் தோலில் எதுவுமே தெரியாது என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

மீன் உண்ணும் எம்மவர்க்கு இங்கே ஒரு குறிப்பு. சூரை முதலிய மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் அவற்றின் சதையிலேயே ஹிஸ்டமின் உண்டாகிவிடும். சமைத்தாலும் அது போகாது. உண்டவர்களின் முகம் சிவந்து, உடல் கடித்து, தலையிடிக்கும். அது பெரும்பாலும் ஒவ்வாமையன்று, பழுதான மீன். ஒரே சட்டியில் உண்ட பலருக்கு ஒன்றாக வந்தால் மீனைச் சந்தேகியுங்கள். ஒருவருக்கு மாத்திரம் வந்தால் அவருடைய உடலைச் சந்தேகியுங்கள். எதுவானாலும் மூச்சு முட்டினால் வைத்தியசாலைக்கே போகவேண்டும்.

மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரைக் குளவி கொட்டியது என்று அடிக்கடி செய்தி வருகிறது. பல வேளைகளில் அது குளவியன்று, உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் கூடு கட்டும் மலைத்தேனீ. நூற்றுக்கணக்கில் கொட்டினால் நஞ்சின் அளவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது வேறு ஆபத்து. ஒவ்வாமை உள்ளவருக்கோ ஒரு கொட்டே போதும். தேனீ கொடுக்கை விட்டுச் செல்லும். நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடுங்கள், எப்படி எடுப்பது என்று ஆராய்ந்து நிற்கவேண்டாம்.

எமது நாட்டு வைத்தியர்கள் இத்துறையில் உலகுக்கே ஒரு பாடம் கற்பித்திருக்கிறார்கள். குதிரையின் குருதியிலிருந்து செய்யப்படும் பாம்பு நஞ்சு முறிப்பு ஊசியும் இவ்வாறான தாக்கத்தை விளைவிப்பது வழக்கம். பாம்பு கடித்த 1007 பேரில் அவர்கள் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில், முறிப்பு மருந்தின் முன் சிறிதளவு அதிரினலின் ஏற்றினால் கடுமையான தாக்கங்கள் முதல் மணி நேரத்தில் 43 வீதம் குறைவதைக் கண்டார்கள்.

பிழைத்த பின்

குணமானவுடன் வீட்டுக்கு ஓடக்கூடாது. சிலருக்குச் சில மணி நேரத்தின் பின், மீண்டும் கொட்டாமலே, முழுவதும் திரும்பி வரும். திருவிழா வேலை கிடக்கிறது என்று நானும் வைத்தியரோடு வாதாடினேன். "கொடியை வேறு ஆள் ஏற்றலாம், ஃபாதர்" என்றார் அவர். அப்படியே அயற்பங்குக் குருவானவர் வந்து ஏற்றினார்.

வீடு திரும்புமுன் வைத்தியரிடம் எதனால் வந்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பின்னர் எந்த வைத்தியரிடம், எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். பிள்ளைக்கென்றால் வகுப்பாசிரியருக்கும், மறைக்கல்வி ஆசிரியருக்கும், அம்மம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "ஒரு துண்டு இறால் என்ன செய்யும்" என்று ஊட்டிவிடுவது பெரும்பாலும் அம்மம்மாதான். நாமே தொடையில் குத்திக்கொள்ளக்கூடிய பேனை வடிவ ஊசி அமெரிக்காவில் 1987 இல் அனுமதிக்கப்பட்டது. இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். என்னுடைய வைத்தியர் அதிரினலின் குப்பியும் ஊசியும் எழுதித் தந்து, அளவைக் காட்டிப் பழக்கினார். அதை நான் மாத்திரமன்று, சங்கிலித்தாமும் பழகியிருக்கிறார். அறைவீட்டில் அது எந்த லாச்சியில் இருக்கிறது என்பது சமையற்கார அம்மாவுக்கும் தெரியும்.

மணிக்கோபுரத்துக் கூட்டை, பழக்கமான ஒருவர் இரவில் வந்து அகற்றிவிட்டார். இவ்வருடம் யன்னலைத் துடைக்க இளைஞர் மன்றத்தார் ஏறினார்கள். நான் ஏணியைப் பிடிக்கவும் அனுமதிக்கப்படவில்லை.