மருந்து கெட்டித்தல்

கேள்வி: துப்பாக்கியில் 'மருந்து கெட்டிப்பது' என்ற பேச்சு எப்படி வந்தது? தோட்டாவில் குண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தினால் வேகம் கூடும் என்கிறார்களே, உண்மையா? (ஒரு வாசகர், மேலூர்)

பதில்: கெட்டித்தல் என்றால் இறுக அடைத்தல். மேலூர்ப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் பாறையில் தமர் அடித்து, மருந்து வைத்து, மேலே மண்ணைக் கெட்டிப்பதும் இதே சொல்தான். வாய்வழியாக மருந்திடும் பழைய துப்பாக்கியில் கரிமருந்து, அதன்மேல் அடைப்பு, பிறகு குண்டு என்று போட்டு இரும்புக் கம்பியால் இடிப்பார்கள். 1763-64இல் யூசுப் கான் மதுரைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து காத்து நின்றபோது இரு தரப்பிலும் இருந்தவை இத்தகைய துப்பாக்கிகளே. அவற்றில் குண்டு மருந்தின்மேல் ஒட்டி உட்கார வேண்டும். பாதி வழியில் நின்று இடைவெளி விழுந்தால் குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும். ஆழம் போதாததுதான் அங்கே ஆபத்து.

தோட்டா வந்ததும் இது தலைகீழானது.

காரணத்தைத் தீபாவளிக்கு மறுநாள் தெருவில் பார்க்கலாம். வெடிக்காத பட்டாசுகளைப் பிரித்து, மருந்தைத் தாளில் கொட்டிப் பற்றவைப்பார்கள் சிறுவர்கள். (செய்யக் கூடாதது, செய்யாத தெரு இல்லை.) 'புஸ்'ஸென்று எரிந்து அடங்கிவிடும். அதே மருந்து நூல் சுற்றி இறுக்கிய ஆட்டம் பாமுக்குள் இருந்தால் காது அடைக்கும். மருந்து ஒன்றுதான், அடைப்பு வேறு. தோட்டாவில் நிரப்பும் புகையில்லா மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். குண்டை ஆழமாக இறக்கினால் கூட்டுக்குள் இடம் குறைகிறது. தொடக்க அழுத்தம் கூடுகிறது. அதனால் மருந்து விரைந்து எரிகிறது. அது அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது.

இந்தப் புகையில்லா மருந்துகளில் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புள்ளது கார்டைட். 1889இல் ஃபிரெடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் இருவரும் உருவாக்கியது. நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வாசலின் 5 பங்கு. குன்னூருக்கு அருகே அரவங்காட்டில் இதற்கென்றே 1903இல் தொழிற்சாலை தொடங்கியது. சேமியா போல இழை இழையாக இருக்கும் இந்த மருந்தை, நம் போலீஸ்காரர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லும் .303 தோட்டாவின் கூட்டுக்குள் முதலில் செருகிவிட்டு, அதன் பிறகே கூட்டின் கழுத்தைக் குறுக்குவார்கள். கடைசியில் குண்டு. அடி முதல் நுனி வரை தோட்டாவின் நீளம் 78.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

அந்த உச்சவரம்புக்கு ஒரு காரணம் குழலுக்குள் இருக்கிறது. குண்டைச் சுழற்றிவிடும் திருகுப் பள்ளங்கள், அதாவது புரிகள், குண்டின் நுனிக்குச் சற்று முன்னால் தொடங்குகின்றன. குண்டு வெளியே நீண்டு புரியைத் தொட்டு நின்றால், அசையும் முன்பே புரிக்குள் வெட்டிக்கொண்டு நுழைய வேண்டியிருக்கும். அந்தத் தாமதத்தில் அழுத்தம் ஏறிவிடும். சிறிது இடைவெளி விட்டால் குண்டு ஓடத் தொடங்கிய பிறகே புரியைச் சந்திக்கும், உச்ச அழுத்தம் தணியும். அமெரிக்க வெதர்பி துப்பாக்கிகள் இந்த இடைவெளியை வேண்டுமென்றே நீளமாக வைத்து, கூடுதல் மருந்துக்கு இடம் தேடிக்கொண்டன. இன்னும் ஆழமாக இறக்கினால் கூட்டின் இடக்குறைவு மேலோங்கி அழுத்தம் மறுபடி ஏறும். ஆக, இரு ஓரமும் மேடு, நடுவே பள்ளம்.

ரைஃபிள் தோட்டாவின் கூடு பெரியது. அரை மில்லிமீட்டர் மாற்றத்தை ஓரளவு தாங்கும். குட்டையான கைத்துப்பாக்கித் தோட்டா தாங்காது. 9 மி.மீ. தோட்டாவில் குண்டை வேண்டுமென்றே 0.03 அங்குலம், அதாவது முக்கால் மில்லிமீட்டர், கூடுதலாக அழுத்தியபோது அழுத்தம் 28,000இலிருந்து 62,000 அலகுக்குத் தாவியதாக ஸ்பியர் நிறுவனத்தின் கையேடு எச்சரிக்கிறது.

வேகம் அப்படித் தாவுவதில்லை. உச்ச அழுத்தம் கண நேரம்தான். குண்டின் வேகமோ குழலின் நீளம் முழுக்கக் கிடைக்கும் உந்துதலின் கூட்டுத்தொகை. எனவே ஆழத்தைக் கூட்டி வேகம் தேடுவது நஷ்டக் கணக்கு: கிடைப்பது சொற்பம், பணயம் வைப்பது துப்பாக்கியையும் கண்ணையும். அனுபவம் உள்ளவர்கள் ஆழத்தைத் திருத்துவது பெரும்பாலும் குறி சிதறாமல் இருக்கத்தான்.

கேள்வி: சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பலாமா? (அதே வாசகர்)

பதில்: அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். என்.சி.சி. மாணவர்கள் சுடப் பழகும் .22 தோட்டாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை; பொறி மருந்து அதன் அடி விளிம்பிலேயே இருப்பதால், ஒருமுறை சுட்டதும் விளிம்பு நசுங்கி கூடு குப்பைக்குப் போகிறது.