காப்பும் ஈடும்

முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற நம் கடற்கரையில் 1961ஆம் ஆண்டு வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. குளியாள் கடலுள் இறங்கும்போது, தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மூழ்கும் முன்னரே ஆயத்தம் செய்யப்பட வேண்டியது அக்கயிறு. இயற்கைப் பேரிடர்க்குக் காப்பீடும் அத்தகையதே.

'காப்பீடு' என்பது காப்பு, ஈடு என்னும் இரு சொற்களின் கூட்டு. காப்பு முன்னரே அரண் செய்தல். நூல் முகப்பில் புலவர்கள் காப்புச் செய்யுள் பாடியதும் இக்கருத்துப் பற்றியே. ஈடு, இழந்ததற்கு நிகரானதைப் பெறுதல். முன்னது இன்றிப் பின்னது இல்லை.

வெள்ளம் புகட்டிய பாடம்

2023 டிசம்பர் 18ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவாயிற்று. காயல்பட்டினத்தில் ஓராண்டு மழையினும் மிகுதியான நீர் ஒரே நாளில் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, வீடுகளும் கடைகளும் உப்பளங்களும் மூழ்கின. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களின் குடும்பங்களுக்கு 6,000 ரூபாயும், ஏனைய வட்டங்களில் 1,000 ரூபாயும் அரசு நிவாரணமாக வழங்கியது. நிவாரணம் அன்றைய அடுப்பை எரியச் செய்யும். இடிந்த சுவரையும் இழந்த சரக்கையும் மீட்டுத் தர அது போதாது.

காப்பு: முன்னர்ச் செய்வன

வீடுகளுக்கெனப் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவடிவப் பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவை இதில் அடங்கும். 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துடைய சிறு வணிகர்க்குப் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' உண்டு.

வணிகர் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 10 லட்ச ரூபாய்ச் சரக்கை 5 லட்சத்துக்கே காப்பீடு செய்தவர் 2 லட்சம் இழந்தால், விகிதப்படி 1 லட்சமே பெறுவார். பிரீமியத்தைக் குறைக்க எண்ணி மதிப்பைக் குறைத்தெழுதுவது தனக்குத்தானே இழப்பைத் தேடுவதாகும். வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருப்பின், வெள்ளச் சேதத்துக்கு ஈடு கிடையாது.

பாலிசி, பத்திரம், ரசீது ஆகியவற்றின் நகல்களை வெளியூர் உறவினரிடமும் கைப்பேசியிலும் வைத்தல் நலம். வீட்டையும் சரக்கையும் ஆண்டுதோறும் படமெடுத்து வைத்தல் வேண்டும்.

ஈடு: பின்னர்ச் செய்வன

1. நிறுவனத்துக்கு உடனே தெரிவித்துக் கோரிக்கை எண்ணைப் பெறுக.
2. சுவரில் நீர் நின்ற கோடு தெரியுமாறு, கழுவுமுன் படமெடுக்க.
3. சர்வேயர் எனப்படும் மதிப்பீட்டாளர் பார்க்குமுன் சேதமான பொருள்களை எறியற்க, எஞ்சியவற்றைப் பாதுகாக்க.
4. நீரில் மூழ்கிய வாகனத்தை இயக்கிப் பார்க்கற்க. அதனால் எஞ்சின் பழுதானால் ஈடு மறுக்கப்படலாம்.
5. கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகை பெறுக.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர்க்கு முறையிடுக. ஒரு மாதத்தில் விடை வாராவிடினும், வந்த விடை நிறைவு தாராவிடினும், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டா.

நம் கடமை

உரிமை இருந்தும் விண்ணப்பம் எழுதத் தெரியாமையால் ஈட்டை இழப்போர் நம் தெருக்களிலேயே இருக்கக்கூடும். முதியோரும் கைம்பெண்களும் சிறு கடைக்காரரும் அவருட் சிலர். பாலிசி எண், நாள், இடம், இழந்தவை, தோராய மதிப்பு ஆகியவற்றை ஒரு பக்கத்தில் தெளிவுற எழுதித் தருதல் தமிழ் கற்ற மாணவர்க்கு அரிதன்று. மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொருவரும் பத்து வீடுகளின் பாலிசிகளைப் படித்துப் பொருள் சொன்னால், அதுவே காப்பு. வெள்ளம் வடிந்தபின் அவ்வீடுகளுக்கு விண்ணப்பம் எழுதித் தந்தால், அதுவே ஈட்டுக்கு வழி. கடலுள் இறங்கியவரின் கயிற்றைத் தோணியில் இருந்தவர் பிடித்திருந்தது நம் ஊர் வழக்கமன்றோ!