ஸ்டூடியோக்காரரின் களஞ்சியம்: எந்த டிஸ்க்கில் எதை வைப்பது?

அரிசி வியாபாரிக்குக் களஞ்சியம் எப்படியோ, ஸ்டூடியோ நடத்துபவருக்கு ஹார்ட் டிஸ்க் அப்படி. கடையின் முகப்பில் கண்ணாடி அலுமாரி இருக்கும், விலை உயர்ந்த கெமரா இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் காசு கொடுத்த சரக்கு இருப்பதோ மேசைக்குக் கீழே, தூசி பிடித்த பெட்டிக்குள் சுழலும் ஒரு தட்டில். கெமரா பழுதானால் இன்னொன்றை வாடகைக்கு எடுக்கலாம். நேற்று நடந்த கலியாணத்தை மறுபடி நடத்த முடியாது.

நான் படம் பிடிப்பவன் அல்லன். வவுனியாவில் கணினி உதிரிப்பாகங்கள் விற்கும் வியாபாரி. வவுனியாவிலிருந்தும் ஏ9 வீதியின் மேற்பக்கம் கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்தும் வரும் ஸ்டூடியோக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "போட்டோஷொப் இழுபடுது நானா, எந்த டிஸ்க் போட்டால் ஓடும்?" வேகத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அந்த டிஸ்க் ஒரு நாள் செத்துப் போனால் என்ன செய்வது என்று கேட்பவர் மிகக் குறைவு. இவ்வாரம் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

படத்தின் பெறுமதி

படம் தொலைவது என்றால் என்ன என்பதை வன்னி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி உட்பட வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வீட்டுச் சுவரில் தொங்கிய படங்களைக் கழற்றி எடுக்க அவகாசம் கிடைக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையோர வீடுகளை அல்பங்களோடு அள்ளிச் சென்றது. 2009இல் இறுதி யுத்தத்தின்போது இடம் விட்டு இடம் ஓடிய குடும்பங்கள் கையில் எடுத்தது அடையாள அட்டையும் உடுதுணியும்தான். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கியபோது, அந்தத் தாய்மார் பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தியே இருந்தார்கள். சிலருக்கு எஞ்சியது அந்த ஒரு படம் மட்டுமே.

ஆகவே நம் பகுதியில் ஸ்டூடியோ நடத்துபவர் விற்பது வெறும் காகிதம் அல்ல. அவர் கையில் இருப்பது பிறருடைய அமானிதம். இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம்.

முதலில் சரக்கை அளந்து பாருங்கள்

24 மெகாபிக்சல் கெமராவின் ஒரு ரோ படம் ஏறத்தாழ 25 முதல் 30 மெகாபைட் வரும். ஒரு கலியாணத்தில் இரண்டு கெமராக்களும் சேர்ந்து 2,500 படம் எடுத்தால் 75 கிகாபைட். அல்ப வேலைகளையும் சேர்த்து ஒரு கலியாணத்துக்கு 80 கிகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 50 கலியாணம் என்றால் 4,000 கிகாபைட், அதாவது 4 டெராபைட். பெட்டியில் 4 டெராபைட் என்று எழுதிய டிஸ்க்கை விண்டோஸ் 3.6 என்றே காட்டும். இது ஏமாற்று அல்ல, எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம். கொஞ்சம் இடமும் விட்டு வைக்க வேண்டும் என்பதால் அந்த டிஸ்க்கில் சுமார் 40 கலியாணம் என்று கணக்கெடுப்பதே சரி.

இனி போட்டோஷொப் ஏன் இழுபடுகிறது என்று பாருங்கள். 12க்கு 36 அங்குல அல்பப் பக்கத்தை 300 டி.பி.ஐ. அளவில் திறந்தால் அதில் 3 கோடியே 88 இலட்சம் புள்ளிகள் இருக்கும். 8 பிட் நிறத்தில் ஒரு முழு லேயருக்கே சுமார் 117 மெகாபைட். பத்து லேயர் போட்டால் 1 கிகாபைட்டைத் தாண்டும். நீங்கள் திரும்பிப் போவதற்காக ஒவ்வொரு மாற்றத்தையும் மென்பொருள் வேறாக நினைவில் வைத்திருக்கிறது. கணினியின் ரெம் நிறைந்ததும் மீதியை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். அந்த இடத்துக்குத்தான் ஸ்க்ராட்ச் டிஸ்க் என்று பெயர். பழைய, சுழலும் டிஸ்க் அந்த வேலைக்கு அகப்பட்டால் கணினி திணறுகிறது.

எனவே 8 கிகாபைட் ரெம் மட்டும் உள்ள கணினிக்கு எவ்வளவு விலையான டிஸ்க் போட்டாலும் பலன் அரைவாசிதான். முதலில் ரெம்மை 16 அல்லது 32 ஆக்கிவிட்டு டிஸ்க்குக்கு வாருங்கள்.

மூன்று வேலைக்கு மூன்று டிஸ்க்

சந்தையில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை தரும். அதன் ஊசி ஒவ்வோர் இடமாகத் தேடிப் போக வேண்டும் என்பதால் சின்னச் சின்னக் கோப்புகளில் இன்னும் மெதுவாகும். சாட்டா எஸ்.எஸ்.டி. 550 மெகாபைட் வரை தரும். எம்.2 வடிவில் வரும் என்.வி.எம்.ஈ. எஸ்.எஸ்.டி. 3,500 மெகாபைட் அளவிலும், புதிய தலைமுறை 7,000 மெகாபைட் அளவிலும் தரும்.

என்.வி.எம்.ஈ. வாங்குமுன் மதர்போர்டைப் பாருங்கள். பழைய போர்டுகளில் எம்.2 இடமே இராது. சிலவற்றில் இடம் இருந்தும் சாட்டா வகை எம்.2 மட்டுமே வேலை செய்யும். போர்டின் மொடல் இலக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வீண் அலைச்சல் இல்லை. 550 மெகாபைட் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றே பழைய கணினிக்குப் புது உயிர் கொடுக்கும். அதற்கு மேல் போவது கையில் முதல் உள்ளவர் விருப்பம்.

என் சிபாரிசு இதுதான். விண்டோஸும் மென்பொருட்களும் ஒரு எஸ்.எஸ்.டி.யில். இந்த வாரம் கையில் உள்ள வேலையும் ஸ்க்ராட்ச் இடமும் இன்னொரு எஸ்.எஸ்.டி.யில். முடித்துக் கொடுத்த வேலைகள் பெரிய, மலிவான, சுழலும் டிஸ்க்கில். இரண்டு எஸ்.எஸ்.டி.க்குப் பணம் இல்லையென்றால் 1 டெராபைட்டில் ஒன்றை வாங்கி இரண்டு வேலையையும் அதற்கே கொடுக்கலாம். ஆனால் எந்நேரமும் 100 கிகாபைட்டாவது வெறுமையாக இருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. நிறைய நிறைய அதன் வேகம் குறையும்.

நீண்டகாலச் சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. வேண்டாம். மின் இணைப்பில்லாமல் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால் அதிலுள்ளவை அழிந்து போகக்கூடும். அந்த வேலைக்குச் சுழலும் டிஸ்க்தான் பொருத்தம். அதையும் வருடத்துக்கு இரண்டு முறையாவது எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பொருத்திய பின் செய்ய வேண்டியவை

புதிய டிஸ்க்கை முதன்முறை திறக்கும்போது விண்டோஸ் எம்.பி.ஆரா, ஜி.பி.டி.யா என்று கேட்கும். ஜி.பி.டி.யைத் தெரிவு செய்யுங்கள். எம்.பி.ஆர். முறையில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடம் கிடைக்காது. ஃபோர்மட் என்.டி.எஃப்.எஸ். ஆக இருக்கட்டும். பழைய ஃபெட்32 முறையில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதால் கலியாண வீடியோ பாதியில் நின்றுவிடும்.

போட்டோஷொப்பில் எடிட், பிரெபரன்ஸஸ், ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் என்று போய் வேகமான எஸ்.எஸ்.டி.க்கு மட்டும் சரி அடையாளம் போட்டு மென்பொருளை மூடித் திறவுங்கள். யூ.எஸ்.பி. டிஸ்க்கை அதற்குக் கொடுக்காதீர்கள். வயர் சற்று அசைந்தாலும் திறந்திருக்கும் வேலை போய்விடும்.

லைட்ரூம் பாவிப்பவர்கள் ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். லைட்ரூமின் கெட்டலொக் என்பது பேரேடு போன்றது. எந்தப் படம் எங்கே உள்ளது, அதில் என்ன திருத்தம் செய்தீர்கள் என்பது மட்டுமே அதில் இருக்கும். படங்கள் அதற்குள் இல்லை. பேரேட்டைப் பத்திரப்படுத்தினால் களஞ்சியத்திலுள்ள நெல் பத்திரமாகிவிடாது. கெட்டலொக்கை எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள். அதன் பிரதியை மென்பொருள் வழமையாக அதே டிஸ்க்கில்தான் எடுத்து வைக்கும். அந்த இடத்தை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு கூரையின் கீழ் எல்லாம் வேண்டாம்

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 2005இல் வெளிவந்த தமது நூலில் ஒரு முறையை எழுதினார்.  எதற்கும் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வேறோர் இடத்தில். நினைவில் வைக்க 3-2-1.

வேறு இடம் ஏன்? 2018 டிசெம்பரில் பெருமழை பெய்து இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. கணினிப் பெட்டியும் தரையில், பிரதி எடுத்த டிஸ்க்கும் அதே அறையில் என்றால் ஒரே வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். தீயும் திருட்டும் அப்படியே. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்ட் 1 முறையைச் சிலர் பிரதி என்று நம்புகிறார்கள். தவறுதலாக அழித்தாலும் வைரஸ் தாக்கினாலும் இரண்டிலும் ஒன்றாகவே போய்விடும். அது பிரதி அல்ல.

இணையத்தில் ஏற்றலாமா என்று கேட்பீர்கள். செக்கனுக்கு 10 மெகாபிட் வேகத்தில் 75 கிகாபைட்டை ஏற்ற கிட்டத்தட்ட 17 மணித்தியாலம் பிடிக்கும். திருத்தி முடித்த 500 ஜேபெக் படங்கள் 5 கிகாபைட் அளவில்தான் வரும். அவற்றை ஏற்ற ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஆகவே முடித்த படங்களை இணையத்திலும், முழுவதையும் டிஸ்க்கிலும் வையுங்கள். வவுனியாவிலுள்ள ஸ்டூடியோக்காரர் தமது பிரதியைக் கிளிநொச்சியில் நம்பிக்கையான ஒரு சகோதரரின் கடையிலும், அவர் தமதை இவரிடமும் வைக்கலாம். மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டால் போதும். செலவு பஸ் கட்டணம் மட்டுமே.

கெமராவின் கார்ட்டை, இரண்டு இடங்களில் பிரதி எடுத்துத் திறந்து பார்த்த பின்பே அழிக்க வேண்டும். திறந்து பார்ப்பது முக்கியம். 1998இல் பிக்ஸார் நிறுவனம் டோய் ஸ்டோரி 2 படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பிரதியை எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தைப் பேற்றுக்குப் பின் வீட்டிலிருந்து பணியாற்றிய ஓர் அலுவலரின் கணினியில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய கம்பனிக்கே அந்த நிலை.

பெண்களின் படங்கள்

நம் சமூகத்தில் பெண்கள் பகுதிப் படங்களைப் பெண்ணே எடுத்து, குடும்பத்திடம் மட்டும் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்த நம்பிக்கை டிஸ்க்கிலும் காக்கப்பட வேண்டும். அழித்த கோப்பையும், விரைவு ஃபோர்மட் செய்த டிஸ்க்கையும் மீட்டெடுக்க இலவச மென்பொருளே போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கை விற்குமுன் விரைவு என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு முழு ஃபோர்மட் செய்யுங்கள். சில மணித்தியாலம் பிடிக்கும், பிடிக்கட்டும். பழுதாகி ஃபோர்மட் செய்யவே முடியாத டிஸ்க்கை விற்காதீர்கள், உடைத்துவிடுங்கள். வேறு ஊரில் வைக்கும் பிரதியை விண்டோஸ் புரோவிலுள்ள பிட்லொக்கர் கொண்டு பூட்டுங்கள். அதன் மீட்புச் சாவியை எழுதி வீட்டில் வையுங்கள். சாவி தொலைந்தால் உங்களுக்கும் திறவாது.

வாங்குவதும் விலை போடுவதும்

மிக மலிவாக 16 டெராபைட் என்று விற்கப்படும் கையடக்க எஸ்.எஸ்.டி.க்கள் பெரும்பாலும் போலி. உள்ளே சிறிய மெமரி கார்ட் ஒன்றுதான் இருக்கும். நிறைய ஏற்றினால் பழையது அழிந்துவிடும். புதிதாக எதை வாங்கினாலும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று பாருங்கள். புதிது என்று விற்ற டிஸ்க் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓடியிருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். உத்தரவாதம் டிஸ்க்குக்கு மட்டுமே, உள்ளே இருக்கும் படத்துக்கு அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது.

டிஸ்க் இறக்குமதிச் சரக்கு. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகமெங்கும் ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. ஆகவே டிஸ்க் நிறைந்த பின் ஓடி வாங்காமல், கலியாண சீசனுக்கு முன்பே ஒரு சோடி வாங்கி வையுங்கள். அதே 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததும் நினைவிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது எந்த டிஸ்க்குக்கும் ஆகாது. ஒழுங்காகச் சேமித்து மூடும்வரை தாங்கும் ஒரு யூ.பி.எஸ். போதும்.

செலவை யார் தாங்குவது? 4 டெராபைட் டிஸ்க் இரண்டின் விலையைக் கூட்டி 40ஆல் வகுங்கள். அதுவே ஒரு கலியாணத்தின் சேமிப்புச் செலவு. அதை உங்கள் விலையில் சேருங்கள். எவ்வளவு காலம் படங்களை வைத்திருப்பீர்கள் என்பதை, ஒரு வருடமோ மூன்று வருடமோ, பில்லிலேயே தெளிவாக எழுதி வாடிக்கையாளரின் கையொப்பம் வாங்குங்கள். காலம் முடியுமுன் தொலைபேசியில் அறிவித்துப் பிரதி ஒன்றைக் கொடுத்தால் பின்னால் பேச்சு வராது.

இந்த வாரம் கடையைப் பூட்டுமுன் ஒரு வேலை செய்யுங்கள். போன வருடம் செய்த ஏதாவது ஒரு கலியாணத்தைத் தெரிவு செய்து, கடைக் கணினியைத் தொடாமல், பிரதியிலிருந்து மட்டும் பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். திறக்காவிட்டால், புதுக் கெமராவுக்குச் சேர்த்து வைத்த காசில் முதலில் இரண்டு டிஸ்க் வாங்குங்கள்.