மூலகம் அறியும் விளையாட்டு

தீப்பெட்டி ஒன்றைக் கையில் எடுத்து, இதிலுள்ள மூலகங்கள் எவை என்று கிராமத்தாரை வினவினால், பெரும்பாலோர் கந்தகம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவர். அவ்விடை முழுமையானதன்று. குச்சியின் முனையில் கந்தகத்தோடு பொட்டாசியம் சேர்ந்த உப்பும் உண்டு. பாஸ்பரஸ் என்னும் மூலகமோ குச்சியில் இல்லை. பெட்டியின் பக்கத்தில் உரசும் பட்டையில் அது பூசப்பட்டிருக்கிறது. சாம்பற்சத்து, மணிச்சத்து, கந்தகம் ஆகிய மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டே, அவற்றின் பெயரைக் கேட்டால் விழிக்கும் உழவர் பலர். இக்குறையை நீக்குதற்கு ஒரு விளையாட்டு உதவும். கிராமக் கூட்டத்திலோ பள்ளியிலோ மாலை வேளையில் இதனை நடத்தலாம், செலவு ஒன்றுமில்லை.

மூலகங்கள் (இக்காலத்தார் தனிமங்கள் என்பர்) இதுவரை 118 அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பயிர் வளர்ச்சிக்கு இன்றியமையாதனவாகக் கொள்ளப்படுவன 17. நடத்துபவர் ஒரு துணிப்பையில் தீப்பெட்டி, பித்தளை விளக்கு, டார்ச்சு விளக்கின் தீர்ந்துபோன பாட்டரி, சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், உமிச்சாம்பல் முதலியவற்றை இட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மூலகத்தைப் பற்றி மூன்று குறிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படும். முதற்குறிப்பிலேயே விடை கூறுவோர்க்கு மூன்று மதிப்பு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்று. பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. அச்சத்து வயலில் குறைந்தால் பயிரில் எவ்விடத்தில், எவ்வாறு தெரியும் என்பதையும் சொன்னாலன்றி மதிப்பு வழங்கலாகாது. இவ்விதியே விளையாட்டின் உயிர்நிலை.

கோவிலம்பாக்கம், மேடவாக்கம், நன்மங்கலம் முதலிய ஊர்களில் முன்னர்ப் பயிர் விளைந்த நிலங்களிற் பெரும்பகுதி இன்று வீட்டுமனைகளாகிவிட்டது. அங்குள்ளார்க்கு எஞ்சியிருப்பன கொல்லைத் தென்னையும் சிறு தோட்டங்களுமே. எனினும் மண்ணை இரசாயன முறையில் ஆராயும் கல்வி இத்தென்னாட்டில் வேரூன்றியது இவ்வூர்க்குச் சில மைல் தொலைவிலேதான். 1868-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் நிறுவப்பெற்ற வேளாண்மைப் பள்ளியே 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பெற்றுப் பிற்காலத்தில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

எளிய குறிப்பிலிருந்து தொடங்குவது நலம். "கண்ணுக்குத் தெரியான், மூச்சுதோறும் உள்ளே வந்து வெறுங்கையோடு திரும்புவான், வறுவல் பொட்டலத்தை உப்பவைத்து நமுத்துப்போகாமல் காப்பான்." இவன் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இவனே. ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் நிற்கும் காற்றில் 30,000 டன்னுக்கு மேற்பட்ட நைட்ரஜன் உண்டு. அவ்வளவு செல்வம் தலைக்குமேல் இருக்க, உழவர் ஏறக்குறைய 20 கிலோ நைட்ரஜனுக்காக 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைச் சுமந்து வருகின்றனர். சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி முதலியன தம் வேர்முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்களின் உதவியால் அச்செல்வத்தைக் கீழே இறக்கித் தருகின்றன.

"பாத்திரம் துலக்குவான், தீயில் பிறப்பான், தீயில் அழியான்." இது சாம்பலிலுள்ள பொட்டாசியம். ஆங்கிலேய இரசாயனி ஹம்பிரி டேவி 1807-இல் இதனைத் தனியே பிரித்தார். பானையில் ஊறவைத்த சாம்பல் என்னும் பொருளுடைய சொல்லினின்றே மேனாட்டார் இதற்குப் பெயரிட்டனர். இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அடுப்புச் சாம்பலை மாட்டு மூத்திரம் ஊறிய எருவோடு கலந்து குவிக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. சாம்பலின் காரத்தால் எருவிலுள்ள தழைச்சத்து நெடியாகக் கிளம்பிக் காற்றோடு போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்நெடி உழவரின் பணமே. சாம்பலைத் தனியே சேர்த்து வைத்துத் தனியே இடுதல் வேண்டும்.

மணிச்சத்துக்குத் தீப்பெட்டியும் எலும்பும் போதிய குறிப்புகளாம். 1669-இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் செய்ய எண்ணி மனித மூத்திரத்தைக் காய்ச்சிக் காய்ச்சி, இருளில் ஒளிரும் இப்பொருளைக் கண்டார் என்ற செய்தியைச் சொன்னால் சிறுவர் சிரிப்பர், ஆனால் மறவார்.

இனி வருவதே மிகுதியும் கருதத்தக்கது. "குத்துவிளக்கில் செம்போடு கலந்து மறைந்திருப்பான், இரும்பு வாளிக்குத் துருவேறாமல் போர்வையாவான், டார்ச்சு பாட்டரிக்குக் கூடாவான்." இவன் துத்தநாகம். ஐரோப்பியர் இதனைத் தொழில்முறையில் வடிக்கத் தொடங்கிய 18-ஆம் நூற்றாண்டுக்குப் பல நூற்றாண்டு முன்னரே இராஜஸ்தானத்து ஜாவர் என்னும் ஊரில் மண் குடுவைகளைக் கொண்டு இதனை வடித்தனர். இத்துணைப் பழகிய உலோகம் நெற்பயிருக்கு உணவு என்பது நம் நாட்டு வயல்களில் தெளிவானது மிகப் பிந்தியே. உத்தரப் பிரதேசத்துத் தராய்ப் பகுதியில் நெல்லைப் பாழாக்கிய 'கைரா' என்னும் நோய்க்குக் கிருமி காரணமன்று, துத்தநாகக் குறைவே காரணம் என்று பந்த்நகர்ப் பல்கலைக்கழகத்து நெனே என்பவர் 1966-இல் காட்டினார்.

பயிர் வெளுத்தவுடன் யூரியாவை வாரி இறைப்பது நம்மவர் இயல்பு. வெளுப்பெல்லாம் ஒன்றல்ல. தழைச்சத்துக் குறைவானால் வயல் முழுதும் ஒருசீராக வெளுக்கும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகும். துத்தநாகக் குறைவானால், நடவான இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அடியிலைகளில் துருப்பிடித்தாற்போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று கலக்கும். இளைய இலைகளின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுக்கும். பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். இரும்புச்சத்துக் குறைவானால், புதிதாக விரியும் இலையே நரம்புகளுக்கிடையில் மஞ்சளித்து, முற்றிய நிலையில் வெள்ளையாகும். அதற்கு மருந்து அன்னபேதிக் கரைசல். துருப்புள்ளி கண்ட வயலில் மூட்டை மூட்டையாக யூரியாவைப் போட்டாலும் நோய் தீராது; பருவம் கடந்துபோகும், கடனே மிஞ்சும்.

நீர் தேங்கி நிற்கும் வயலில், குறிப்பாகச் சுண்ணாம்பும் களரும் மிகுந்த மண்ணில், துத்தநாகம் இருந்தும் பயிருக்கு எட்டுவதில்லை. மணிச்சத்தை அளவுமீறி இட்டால் இக்குறை பின்னும் மிகும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து, நடவுக்கு முன் வயலின் மேற்பரப்பில் சீராகத் தூவ வேண்டும்; சூப்பர் பாஸ்பேட்டோடு அதனைக் கலத்தல் கூடாது. நடவுக்குப் பின் குறை கண்டால், 100 லிட்டர் நீரில் அரை கிலோ துத்தநாக சல்பேட்டும் ஒரு கிலோ யூரியாவும் கரைத்து இலைமேல் தெளிக்கலாம். எவ்வாறாயினும் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது நுண்ணூட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வது கிராம நிர்வாக அதிகாரிகளும் உழவர்களும் மறவாது செய்யத்தக்கது.

கால்சியத்துக்குக் குறிப்பு வெற்றிலைப் பெட்டியிலேயே கிடைக்கும். நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது இதற்காகவே. மண்ணிலிறங்கிய காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை வேரின் வழியன்றித் தானே நேராக உறிஞ்சுகிறது. ஆதலின் அஃது இல்லாதவிடத்துச் செடி பசுமையாயிருந்தும் காய் பொக்காகும். இறவைக் கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் செடியோரமாக இட்டு மண் அணைப்பர்.

செம்பைக் கண்டுபிடிக்கச் சொல்வதைவிடக் கண்ணாற் காட்டுவதே சிறந்தது. ஒரு கிலோ மயில்துத்தத்தை ஐம்பது லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை ஐம்பது லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கினால் போர்டோக் கலவையாகும். மண்பாண்டமோ பிளாஸ்டிக் தொட்டியோ தான் இதற்கு ஏற்றது. துலக்கிய இரும்புக் கத்தியை அதில் சற்றுநேரம் அமிழ்த்தி எடுக்க, செந்நிறம் படிந்தால் செம்பு மிகுந்திருக்கிறது என்று பொருள். அந்நிலையில் தெளித்தால் இலை கருகும். செந்நிறம் படியாத அளவுக்கு மேலும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். கலந்த அன்றைக்கே தெளித்துவிட வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நலம்.

கடைசிக் குறிப்பைத் தென்சென்னைப் பக்கத்தார் எளிதில் சொல்லக்கூடும். "பல்லாவரத்து மலைக்கல்லில் இருப்பான், ஆற்று மணலில் இருப்பான், உமிச்சாம்பலில் பெரும்பங்கு இவனே." இவன் சிலிக்கன். கல்கத்தாவில் ஜாப் சார்நாக் என்பவரின் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல்லே கொண்டுசெல்லப்பட்டது. அதனால் அக்கல்லினத்துக்குச் சார்னோக்கைட்டு என்ற பெயர் உலகெங்கும் வழங்குகிறது. நெல்லின் தாளை நிமிர்த்தி, சாயாமலும் குலைநோய் எளிதில் தாக்காமலும் காப்பவன் இவன். எனினும் முன்கூறிய பதினேழில் இவனைச் சேர்ப்பதில்லை. ஆதலின் இவனைப் 'பயிருக்கு இன்றியமையாத மூலகம்' என்று விடை கூறுவோர்க்குப் பாதி மதிப்பே வழங்கத்தக்கது.