கொய்மலர் வியாபாரம்: குடியானவர்கள் அறியவேண்டிய சில விஷயங்கள்

மல்லிகை, சாமந்தி, அரளி முதலிய பூக்களைக் காம்பின்றிப் பறித்து, நிறுத்தும் முழம் போட்டும் விற்பது நம் நாட்டில் தொன்றுதொட்ட வழக்கம். ரோஜா, கார்னேஷன், ஜெர்பெரா முதலியவற்றை நீண்ட காம்புடன் வெட்டி, எண்ணிக் கட்டி விற்பது வேறொரு தொழில். இவையே கொய்மலர் எனப்படும். உதிரிப்பூவுக்குக் கிராக்கி கோயிலிலும் இல்லத்திலும் உண்டு. கொய்மலருக்கோ பட்டணங்களிலும் தூரதேசங்களிலுமே உண்டு. லாபமும் ஆபத்தும் இவ்வேற்றுமையிலிருந்தே பிறக்கின்றன.

முற்காலத்தில் ஐரோப்பிய நகரங்களுக்கு வேண்டிய மலர்கள் அவற்றின் அண்டையிலேயே பயிராயின. ஹாலந்து தேசத்து ஆல்ஸ்மீர் என்னும் ஊரில், 1911, 1912-ஆம் ஆண்டுகளில், மலர் வளர்ப்போரே கூடி ஏலக்கூடங்களை நிறுவினர். அவ்வேலம் நம்மூர் ஏலத்துக்கு நேர்மாறானது. கடிகார முள் உயர்ந்த விலையிலிருந்து இறங்கிவரும். அதனை முதலில் நிறுத்துபவருக்கே சரக்குச் சேரும். விமானப் போக்குவரத்து பெருகியபின், குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டைச் சூடாக்கும் செலவில்லாத கொலம்பியா, ஈக்வடார், கென்யா, எத்தியோப்பியா ஆகிய தேசங்களின் மேட்டுநிலங்களுக்குச் சாகுபடி பரவிற்று. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள நமது ஓசூர்ப் பகுதியும் மிதமான சீதோஷ்ணத்தால் ரோஜாவுக்கு ஏற்றதாயிற்று. பிப்ரவரி 14-ஆம் தேதியை உத்தேசித்துச் செடிகளைக் கவாத்து செய்வது அங்கு வழக்கமாகிவிட்டது.

ஆனால், 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் பல நாள் நின்றபோது, கென்யாவின் மலர்கள் கிடங்கிலேயே அழுகின. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் சந்தைகள் அடைபட்டபோது, ஹாலந்தில் விலைபோகாத மலர்கள் அழிக்கப்பட்டன. ஓசூரிலும் ரோஜாக்கள் குப்பையில் கொட்டப்பட்டன. ராகியைப் பத்திரப்படுத்தி நல்ல விலைக்குக் காத்திருக்கலாம்; மலர் காத்திராது. விற்பனை நின்றாலும் செடி பூப்பதை நிறுத்தாது. ஆகவே பறிப்புக் கூலியும் மருந்துச் செலவும், பசுமைக்குடிலுக்கு வாங்கிய கடனின் வட்டியும் ஓயா.

இத்தொழிலில் இறங்குவோர் கவனிக்க வேண்டியவை:

1. ரோஜாவை மொட்டு இறுகியிருக்கையில், காலையிலோ மாலையிலோ வெட்டி, உடனே சுத்தமான நீரில் காம்பை அமிழ்த்துக. அழுக்கு நீரிலுள்ள நுண்கிருமிகள் காம்பின் குழாய்களை அடைத்துவிடும்.

2. தாமதமின்றி 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்நிலையில் வைக்குக. வெட்டிய மலரும் சுவாசிக்கிறது. வெப்பம் மிகுந்தால் அதன் ஆயுள் குறையும். பழுத்த பழங்களுடன் ஒரே அறையில் வைக்கலாகாது.

3. காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்துக் கட்டுக. குட்டையானதை நெட்டையானதுடன் கலந்தால் கட்டு முழுவதற்கும் தாழ்ந்த விலையே கிடைக்கும்.

4. ஒரே திருநாளையும் ஒரே வியாபாரியையும் நம்பி நிலம் முழுவதிலும் பயிரிடாதீர்கள். ஒரு பகுதியிலேனும் உள்ளூரில் விலைபோகும் பூவையோ காய்கறியையோ சாகுபடி செய்வது நலம்.

கிராம அதிகாரிகள் பசுமைக்குடில் சாகுபடியின் பரப்பை அடங்கலில் பருவந்தோறும் சரிவரப் பதிவு செய்தல் அவசியம். சேதம் நேர்ந்து நிவாரணம் கோருங்கால், குடியானவருக்கு அப்பதிவே தக்க ஆதாரமாகும்.