பவர் எழுதித் தர வேண்டியவர் யார்?

கேள்வி: என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். போர்டு தெரியவில்லை என்று முதல் பெஞ்சுக்குப் போய்விட்டாள். பஜாரில் ஒரு கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, இரண்டே நிமிடத்தில் மைனஸ் ஒன்றேமுக்கால் என்று சொல்லிக் கண்ணாடி கொடுத்தார்கள். போட்டால் தலைவலிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறாள். ஆஸ்பத்திரியில் கண் பார்ப்பவர் டாக்டர் இல்லையாம், ஆப்டோமெட்ரிஸ்ட்டாம். அவரிடம் காட்டினால் போதுமா? போர்ட் பிளேருக்கோ சென்னைக்கோ கூட்டிப் போக வேண்டுமா?
- ஒரு வாசகி, ரங்கத், மத்திய அந்தமான்

பதில்: முதலில் அந்த ஆப்டோமெட்ரிஸ்ட்டிடமே காட்டுங்கள். பவர் பார்ப்பதுதான் அவர் படித்த படிப்பு.

கடையில் நடந்தது இதுவாக இருக்கலாம். அந்த மெஷினுக்குள் பெரும்பாலும் ஒரு சாலையும், அதன் கோடியில் ஒரு பலூனும் தெரியும். பலூன் தூரத்தில் இருப்பது போலத் தோன்றினாலும், முகத்தை மெஷினில் ஒட்டி வைத்திருக்கும் குழந்தையின் கண் அதைக் கிட்டத்தில் இருக்கும் பொருளாக எண்ணி இறுக்கிப் பிடிக்கும். சின்ன வயதில் கண்ணின் தசைக்கு அவ்வளவு பலம் உண்டு. அந்த இறுக்கத்தையும் சேர்த்தே மெஷின் அளக்கும். முக்கால் பவர் போதுமான குழந்தைக்கு ஒன்றேமுக்கால் வருவது இப்படித்தான். மெஷின் தரும் சீட்டை ஆரம்பக் கணக்காக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதை வைத்தே கண்ணாடி வெட்டுவது தவறு.

முறையான பரிசோதனைக்கு நேரம் பிடிக்கும். அறையை இருட்டாக்கிவிட்டு, ரெட்டினோஸ்கோப் என்ற கைக்கருவியால் கண்ணின் பாப்பாவில் ஒரு ஒளிக்கோட்டை ஓட்டுவோம். உள்ளிருந்து செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் திரும்பி வரும். அது நம் கை போகும் பக்கமே ஓடுகிறதா, எதிர்ப்பக்கம் ஓடுகிறதா என்று பார்த்து, ஓட்டம் நிற்கும் வரை லென்ஸை மாற்றிக்கொண்டே போவோம். குழந்தை வாய் திறந்து ஒரு பதிலும் சொல்ல வேண்டாம். கண்ணே சொல்லிவிடும். உங்கள் மகளின் வயதுக்கு, தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதுதான் சரி. மருந்தைப் பொறுத்து ஒரு நாளோ, அதற்கு மேலுமோ கிட்டத்து எழுத்து மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், பரீட்சை நாளில் மட்டும் போகாதீர்கள். அதன் பிறகுதான் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஆறு மீட்டர் தூரத்துக்கான எழுத்து அட்டையைப் படிக்க வைப்பது, சிவப்பு பச்சை எழுத்துகளில் எது கருப்பாகத் தெரிகிறது என்று கேட்பது எல்லாம்.

அப்போதே அந்தப் பழைய கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போங்கள். லென்ஸின் மையம் பாப்பாவுக்கு நேராக விழாவிட்டாலும் தலைவலி வரும். இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்காமலே போட்டுக் கொடுத்த கண்ணாடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யார் எதற்கு என்பதில் குழப்பம் வேண்டாம். கண் மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, கண்ணுக்கென்று மேற்படிப்பு படித்தவர். நோய்க்கு மருந்தும் அறுவை சிகிச்சையும் அவர் பொறுப்பு. ஆப்டோமெட்ரிஸ்ட் நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவர். பவர் பார்ப்பதும், மாறுகண்ணையும் சோம்பல் கண்ணையும் கண்டுபிடிப்பதும், நோயின் அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவதும் அவர் வேலை. கடைக்காரர், மற்றவர் எழுதிக் கொடுத்த பவருக்கு லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துபவர். 1985-இல் சென்னையில் சங்கர நேத்ராலயா தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி இந்தப் படிப்புக்கு நம் நாட்டில் வழி போட்டது. 2021-இல் வந்த தேசியச் சட்டம் ஆப்டோமெட்ரிஸ்ட்டை ஒரு சுகாதாரத் தொழில்முறையாளராகவே அங்கீகரித்திருக்கிறது. ‘டாக்டர் இல்லையாம்’ என்று தயங்காதீர்கள். ‘எந்தப் படிப்பு படித்தீர்கள்?’ என்று கேளுங்கள். கேட்பது தப்பே இல்லை.

போர்ட் பிளேருக்கு எப்போது போக வேண்டும்? சரியான கண்ணாடி போட்டும் ஒரு கண்ணில் கடைசி வரிகள் வரவில்லை என்றால், மாறுகண் இருந்தால், பாப்பாவில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், தூண்டில் முள்ளோ தென்னை ஓலையோ கண்ணில் குத்திவிட்டால், சிவந்து வலியோடு பார்வையும் குறைந்தால் போக வேண்டும். கண்ணில் அடிபட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு நீங்கள் போய்ச் சேர, ஜாரவா காட்டு வழியே வண்டிகள் சேர்ந்து போகும் கான்வாய் நேரத்துக்கும் காத்திருக்க வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். வெறும் பவர் பார்க்க அந்தச் செலவு தேவையே இல்லை.

இன்று வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். மகளின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, தூரத்துக் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடுங்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் குழந்தை சொல்லாது, அதற்கே தெரியாது. அது சோம்பல் கண்ணாக இருந்தால், ஏழெட்டு வயதுக்குள் கவனிப்பதில் பலன் அதிகம். உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டியிருந்தாலும் முயன்று பார்க்கலாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 46 வயது. கடல் தொழில். வலை ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வலது கண்ணில் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்ந்து வருகிறது. கண்ணாடி போட்டால் இரண்டும் சரியாகுமா?
- ஒரு வாசகர், ஜங்கிளிகாட், போர்ட் பிளேர்

பதில்: ஊசி விஷயம் சரியாகும். அது வெள்ளெழுத்து. உங்கள் வயதில் ப்ளஸ் ஒன்றேகால், ஒன்றரை அளவில் கண்ணாடி தேவைப்படும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அசாமில் தேயிலை பறிக்கும் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி பெறாதவர்களைவிட அவர்கள் பறித்த அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது.

சதை கண்ணாடியால் கரையாது. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு வேலை செய்பவர்களுக்கு அதிகம் வருவது இது. கருவிழிமேல் ஏறும்போது அதை இழுத்து வளைத்துவிடும், அதனால் சிலிண்டர் பவர் மாறிக்கொண்டே போகும். ஆறு மாதத்துக்கொரு முறை கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். பாப்பாவை நெருங்கும் முன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சதையை எடுத்துவிட்டு, உங்கள் கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய படலத்திலிருந்தே சிறு துண்டு எடுத்து அந்த இடத்தில் ஒட்டினால் மறுபடி வளர்வது வெகுவாகக் குறையும். அதுவரை படகில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கருப்புக் கண்ணாடியும் அகல விளிம்புத் தொப்பியும் அவசியம். கண் மருத்துவரின் பரிசோதனையிலேயே கண் அழுத்தத்தையும், சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.